ஏப்ரல் வெயிலில் ஜவ்வாதுமலை

போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கி, முதுகுப்பையோடு தனியாக நடக்க ஆரம்பித்தேன். காட்டுக்குள் போகவில்லை, ஊர்களை இணைக்கும் சாலையும் மண்பாதையும்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, காய்ந்த புல் நிற்கும் சரிவைக் கோடையில் பார்த்தாலே நெஞ்சு பதறும்.

நான்கு லிட்டர் தண்ணீரில் மூன்று, பதினோரு மணிக்குள் காலி. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரிவதில்லை. சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்த பிறகுதான் புரிந்தது. தலை கிறுகிறுக்க, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு அம்மா வந்தார். "இந்த வெயில்ல எங்கப்பா தனியா போற?" என்று கேட்டு, சொம்பு நிறைய கூழ் கொடுத்தார். கூடவே சின்ன வெங்காயம். உப்புப் போட்ட அந்தக் கூழ் உள்ளே இறங்க இறங்க உயிர் வந்தது. காசு நீட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. நீட்டியிருக்கவே கூடாது.

அப்புறம் பீமன் அருவி. தண்ணீர் இல்லை, வெறும் பாறைதான்.

மாலையில் காவலூர் பக்கம் போனேன். அங்கே இருக்கும் வானாய்வகத்துக்கு இந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இருட்டியதும் தெரிந்தது. எத்தனை நட்சத்திரம்! பாறையில் பகல் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அதில் படுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.