தறிச் சத்தத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு வேறொன்று

காதடைப்பான் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், ஆய்வாளரின் மேற்பார்வையில் காதில் சரியாகப் பொருத்தி அளந்த எண். நம் காதுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை, அடைப்பான் உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும், அதை எவ்வளவு நேரம் கழற்றாமல் இருக்கிறோம் என்பதும்தான் முடிவு செய்கின்றன. விசைத்தறி ஊரில் பிறந்து, இன்றும் தறிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் தூங்குகிறவன் என்ற முறையில், இதை விரிவாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் பக்கத்து நாடாத் தறிக் கூடங்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: பக்கத்தில் நிற்பவரின் காதருகே வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். தகரக் கூரையின் கீழ் தறிகள் நெருங்கி ஓடும் இத்தகைய கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கமானதுதான். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அதாவது 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 97 என்றால் வெறும் அரை மணி நேரம். எங்கள் பக்கம் ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். அப்பா அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தறி ஓட்டினார். இன்று அவருக்குப் பேச்சுச் சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பதுதான் பிடிபடுவதில்லை. இரைச்சல் முதலில் பறிப்பது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள மேல் சுருதிகளை. ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகள் அங்கேயே கரைந்துபோகின்றன. உள்காதின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்பதால், இதற்கு மருந்து கிடையாது. தடுப்பு மட்டுமே உண்டு.

தறிக்காரர்கள் பலர் கழிவு நூலையோ பஞ்சையோ உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அது சத்தத்தைத் தடுப்பதாக மனத்துக்குத் தோன்றுமே தவிர, காற்று நுழையும் இடமெல்லாம் ஒலியும் நுழைந்துவிடும். அடைப்பானின் வேலையே இடைவெளி விடாமல் காதுத் துளையை மூடுவதுதான்.

பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்க முத்திரையில் அது என்.ஆர்.ஆர்., ஐரோப்பிய முத்திரையில் எஸ்.என்.ஆர். இரண்டும் வெவ்வேறு முறையில் அளந்தவை. ஒரே அடைப்பானுக்கு எஸ்.என்.ஆர். பெரிய எண்ணாகவே இருக்கும் என்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. நுரை அடைப்பான்களில் மிக உயர்ந்த என்.ஆர்.ஆர். 33. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா கையாளும் எச்சரிக்கைக் கணக்கின்படி, அந்த எண்ணில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 33க்கு விடை 13. ஆக, 97 டெசிபல் கூடத்தில் 33 எண் அடைப்பானை அணிந்தவரின் காதுக்கு 84 போய்ச் சேரும் என்று கொள்ளலாம். 12 மணி நேர ஷிப்டுக்கு நியோஷ் கணக்கில் சுமார் 83தான் வரம்பு. மிகச் சிறந்த நுரையே வரம்பின் விளிம்பில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதையும் அரைகுறையாகச் செருகினால் ஒன்றும் மிஞ்சாது.

செருகும் முறையை எழுத்தில் சொல்லிவிட முடியும் என்றே நம்புகிறேன். கை சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் படிந்த கையோடு கூடத்துக்குள் நின்று செருகாமல், வெளியிலேயே செருகிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நுரையை விரல் நுனிகளுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்போ சுருக்கமோ விழாத மெல்லிய திரியாக்க வேண்டும். வலது காதென்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வளைந்திருக்கும் காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நுரையும் விரியும்போதே வெளியே நழுவிவிடுகிறது. பிறகு இரு கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள்: சத்தம் பெரிதாகக் குறையவில்லை என்றால் அடைப்பான் சரியாக இருக்கிறது, நன்றாகக் குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். எதிரில் நிற்பவருக்கு நுரையின் பெரும்பகுதி தெரிந்தாலும் அப்படித்தான். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களில் பலருக்கு, காதுக் குழாய் சிறியது. அவர்கள் சிறிய அளவு கேட்டு வாங்க வேண்டும். ஒருவருக்கே இரு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கழற்றி வைக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 30 டெசிபலை முழுமையாகத் தடுக்கும் ஓர் அடைப்பானை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், அந்த நாள் முழுவதற்குமாகக் கிடைக்கும் பலன் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். டெசிபல் மடங்குக் கணக்கு என்பதால் அந்த அரை மணி நேரமே மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. முதலாளியோ மேஸ்திரியோ பேச வந்தால், கூடத்துக்கு வெளியே போய்ப் பேசுவதே நல்லது. காதை மூடும் இயர்மஃப் நல்ல கருவிதான். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதைப் பன்னிரண்டு மணி நேரம் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அணிய முடியாத கருவியைவிட, கயிறு கோத்த நுரை அடைப்பானே மேல் என்பது என் கருத்து.

தூக்கத்துக்கு வேண்டியது வேறு. 2000ஆம் ஆண்டின் இந்திய ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. எங்கள் தெருவில் அந்த வரம்பு சட்டப் புத்தகத்தோடு சரி. இருந்தாலும் சுவரைத் தாண்டிப் படுக்கைக்கு வருவது கூடத்துச் சத்தத்தில் ஒரு பகுதிதான். எனவே இங்கே மிக உயர்ந்த எண்ணைத் தேட வேண்டியதில்லை. இரவெல்லாம் உறுத்தாமல் இருப்பதே முக்கியம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை அடைப்பானை உள்ளே தள்ளும்; விறைப்பான மஞ்சள் நுரை விடியும்போது காதை வலிக்க வைத்துவிடும். மெதுவாக விரியும் மிருதுவான பாலியூரித்தேன் நுரையைத் தேடுங்கள். அதுவும் ஒத்துவராதவர்களுக்கு, பிசைந்து காதுத் துளையின் வாய்மீது அப்பிக்கொள்ளும் சிலிக்கான் இருக்கிறது. குழாய்க்குள் திணிக்காமல் வாயை மட்டும் மூட வேண்டும். இதன் முன்னோடியான மெழுகு அடைப்பானை 1907இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் உருவாக்கினார். ஓரோபாக்ஸ் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் உள்ளது. நம் வெப்பத்துக்கு மெழுகைவிட சிலிக்கானே வசதி.

அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறார். நுரை அடைப்பானோடு மேசை மின்விசிறியையும் கட்டிலருகே ஓடவிடுவது அவருக்குப் பெரிதும் உதவுகிறது. திடீரென்று எழும் சத்தம்தான் உறக்கத்தைக் கலைக்கும்; விசிறியின் சீரான இரைச்சல் அந்தத் திடீரை மழுக்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் எந்த அடைப்பானாலும் தீர்க்க முடியாது: தரை வழியாகக் கட்டிலுக்கு ஏறும் அதிர்வு. கட்டிலைக் கூடத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, கால்களுக்கடியில் தடித்த ரப்பர் வைத்துப் பார்க்கலாம். குறட்டையும் தாழ்ந்த சுருதி ஒலி என்பதால் முழுதாக மறையாது, மங்கும்.

அடைப்பானோடு தூங்குகிறவர் அலைபேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெரியவர்களில் ஒருவராவது திறந்த காதோடு படுக்க வேண்டும். காதில் எண்ணெய் விட்ட அன்று நுரை நிற்காது, வழுக்கும். நுரையைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. அழுக்கானாலோ விறைத்தாலோ மாற்றிவிட வேண்டும், ஒரு ஜோடி தேநீர் விலையைவிட அதிகம் கூடிவிடாது. எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகியபடி மெதுவாக இழுங்கள். இறுக அடைத்த காற்று செவிப்பறையை உறிஞ்சி வலிக்கச் செய்யும். சீழ் வடிகிறவர்களும், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும், காது குறும்பி கட்டியாக அடைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செருகக் கூடாது. தறி ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை காது மூக்கு தொண்டைப் பிரிவில், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. 4,000 ஹெர்ட்ஸில் கோடு கீழே இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு, பழைய தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.