டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ்: வகுப்பு சுலபம், கவுன்ட்டர்தான் கண்டம்

வேட்டைக்குப் போகும் ஆசை இருந்தும் "அந்த கிளாஸை யார் உட்கார்ந்து முடிப்பது" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடும் நம்ம ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டாய ஹன்டர் எஜுகேஷன்தான் (வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு) புது ஆட்களை வரவிடாமல் விரட்டுகிறது என்று என் ஆபீசிலும் ஒரு பேச்சு உண்டு. நான் முடித்தேன், பதின்மூன்று வயது மகனும் முடித்துவிட்டான். எங்களை விரட்டப் பார்த்தது அந்த கிளாஸ் இல்லை.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இங்கே அது கட்டாயம். 17 வயது ஆகிவிட்டால் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முடித்தேன், அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, உருப்படியான விஷயங்கள் இருந்தன. வேலி தாண்டுவதற்கென்றே ஒரு பாடம்: முதலில் தோட்டாவை எடுத்துவிட வேண்டும், துப்பாக்கியை வேலிக்கு அடியில் முனை நம்மைப் பார்க்காதபடி வைத்துவிட்டு, பிறகு நாம் தாண்ட வேண்டும்.

அப்புறம்தான் லைசென்ஸ். விளையாட்டுச் சாமான் கடைகளிலேயே விற்கிறார்கள். உள்ளூர்வாசிக்கு 25 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 315 டாலர். கவுன்ட்டரில் இருந்தவர் என் டிரைவிங் லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எச்-1பி வேலை விசா ஆட்களின் கார்டில் 'லிமிடட் டெர்ம்' (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்) என்று அச்சடித்திருக்குமே, அதன்மேல் விரலை வைத்து "நீங்கள் ரெசிடென்ட் இல்லை, 315 ஆகும்" என்றார். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால் போதும், விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மொபைலில் விதியையே எடுத்துக் காட்டினேன். "எங்கள் சிஸ்டத்தில் அப்படி இல்லை" என்றார். சிஸ்டத்தில் அவர் எதையும் தட்டிப் பார்க்கவே இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, பையன் வேறு "போகலாம்பா" என்று சட்டையை இழுத்தான், வெறுங்கையோடு வந்துவிட்டோம்.

வேறொரு சின்னக் கடைக்கு ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கார் பதிவு எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஃபைலைத் திறக்கவே விடவில்லை. எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார், தட்டினார், 25 டாலருக்குச் சீட்டு வந்தது. பையனுக்கு 7 டாலர். இருந்தாலும் ஃபைலைக் கொண்டுபோங்கள். 315 கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபெடரல் சட்டப்படி எச்-1பி விசாவிலும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகளில் நமக்கு எட்டுவது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்தான். அதனால் "வா, துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சும்மா சுட்டுப் பார்" என்று நண்பர் கூப்பிட்டாலும் லைசென்ஸ் வருவதற்கு முன் போகாதீர்கள். அப்பாவின் லைசென்ஸ் பையனுக்குச் செல்லாது, அவனவனுக்கு அவனவனுடையது வேண்டும். பையனைக் கள வகுப்புக்கு அனுப்புவதற்கு முன்பே அவனுக்கும் சேர்த்து வாங்கியது இதனால்தான்.

17க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆன்லைன் மட்டும் போதாது, நேரிலும் போக வேண்டும். செப்டம்பர் பிறந்தால் புறா சீசன், நவம்பரில் மான் சீசன், ஆகவே அந்த நேரத்தில் வகுப்புகளில் இடமே கிடைப்பதில்லை. ரொம்ப தூரத்தில் ஒன்று கிடைத்து, விடியுமுன் கிளம்பிப் போனால் கேட்டில் பூட்டு. மழையால் ரத்து என்ற மெயில் நாங்கள் ஹைவேயில் இருந்தபோது வந்திருக்கிறது. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே அவர்களை அழைத்துக் கேட்டுவிடுங்கள். பிறகு யாரோ வராமல் போன இடம் ஒன்று பக்கத்திலேயே கிடைத்து, பையன் பாஸ்.

இதில் வேடிக்கை, பையன் உடனே அதை முடித்திருக்கத் தேவையே இல்லை. 9 முதல் 16 வயது வரை உள்ளவர்கள், லைசென்ஸ் உள்ள, வகுப்பை முடித்த (அல்லது 1971 விலக்கில் வருகிற) பெரியவரோடு, சாதாரணமாகப் பேசினால் காதில் விழுகிற தூரத்தில் இருந்துகொண்டு வேட்டையாடலாம். பெரியவர்களுக்கும் 10 டாலர் கட்டினால் ஒரு லைசென்ஸ் வருஷத்துக்கு வகுப்பைத் தள்ளிப்போடும் வசதி உண்டு, கூட ஒருவர் வர வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான், அதனால் ஊருக்குப் போகிற வருஷத்தில் அதை வீணாக்காதீர்கள்.

வகுப்புதான் தடை என்ற வாதம் புதிதில்லை. 2004இல் தொடங்கிய ஃபேமிலீஸ் அஃபீல்ட் இயக்கம் அதைச் சொல்லித்தான் பல மாநிலங்களில் 'முதலில் ஒருவரோடு போய்ப் பார், வகுப்பு அப்புறம்' என்ற லைசென்ஸ்களைக் கொண்டுவர வைத்தது. ஆனாலும் நாடு முழுக்க வேட்டைக்காரர்கள் 2011இல் 1.37 கோடி, 2016இல் 1.15 கோடி. வகுப்பைத் தளர்த்தியும் இப்படி என்றால் கோளாறு வேறெங்கோதான் என்பது என் எண்ணம். டெக்சாஸில் நிலத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில். தெரிந்தவர் நிலமோ குத்தகைப் பணமோ இல்லையென்றால் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? 48 டாலர் பொது நில பெர்மிட் இருக்கிறது, அங்கே கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். எங்களுக்கு டீமில் ஒரு பெரியவர், சொந்த நிலத்துக்கே கூட்டிப்போகிறார். அவர் இல்லையென்றால் இந்த அலைச்சலை நான் ஆரம்பித்திருக்கவே மாட்டேன்.

கடைசியாக ஒன்று, எப்போது வாங்கினாலும் லைசென்ஸ் ஆகஸ்ட் 31இல் காலாவதி. விசாவில் இருந்துகொண்டு வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அன்றோடு அந்தச் சட்டப் பாதுகாப்பும் போய்விடும். புது வருஷ லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது, அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், முடிந்தால் சின்னக் கடையில்.