பக்கத்துத் தெருவுக்கு சிங்கப்பூர் வழியாக

டேட்டா எப்போதும் குறைந்த தூரத்தைத் தேடித்தான் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். இணையச் சேவை நிறுவனத்தில் நெட்வொர்க் வேலைக்கு வந்தபின் முதலில் உடைகிற நம்பிக்கை அதுதான். எந்த நிறுவனத்துக்கும் எந்த நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதோ, யாருக்கு யார் பணம் கட்டுகிறார்களோ, அதைப் பார்த்துத்தான் வழி அமையும்.

சென்னையில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே ஊரில் இரண்டு அலுவலகம். ஒன்று எங்கள் இணைப்பு, இன்னொன்று வேறு நிறுவனம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் நடுவில் சிங்கப்பூர் ரூட்டர் நிற்கும். கடலுக்கு அடியில் அங்கே போய், மறுபடி கடலுக்கு அடியிலேயே சென்னைக்கு வரும். பதிலும் அப்படியே சுற்றி வந்ததால், 5 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டியது 70-ஐத் தொட்டது. உள்நாட்டு டிராஃபிக் உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்றுதான் 2003-ல் நிக்சி என்ற இந்திய அமைப்பு தொடங்கப்பட்டது, நிறுவனங்கள் டிராஃபிக்கைக் கைமாற்றிக்கொள்ளும் அதன் எக்ஸ்சேஞ்ச் சென்னையிலும் உண்டு, இரண்டு நிறுவனங்களுமே அதில் இணைந்திருந்தன. ஆனால் அந்த இன்னொரு நிறுவனத்தார் தங்கள் ப்ரீஃபிக்ஸ்களில், அதாவது ஐபி முகவரித் தொகுதிகளில், பாதியை அங்கே அறிவிக்கவே இல்லை. கேபிள் இருந்து என்ன செய்ய, இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம் என்று சொன்னால்தானே பாக்கெட் வரும்? பல மெயில்களுக்குப் பிறகு சேர்த்தார்கள், சரியானது.

நெட்வொர்க்குகளுக்கிடையே இந்த அறிவிப்புகளைச் சுமக்கும் பிஜிபி என்ற நெறிமுறையை 1989-ல் கிர்க் லாகீடும் யாகோவ் ரெக்டரும் உணவு மேசையில் நாப்கின்களில் வரைந்தார்கள். அண்டை நெட்வொர்க் சொல்வதை நம்பு என்பதுதான் அதன் அடிப்படை. சொல்வது உண்மையா என்று பார்க்க அதிலேயே எந்த ஏற்பாடும் இல்லை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காகப் போட்ட ரூட் அதற்கு மேலிணைப்பு தந்த ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக உலகம் முழுக்கக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22, பாகிஸ்தான் டெலிகாமுடையது அதற்குள் அடங்கிய /24; இந்த எண் பெரிதாகப் பெரிதாக முகவரித் தொகுதி சிறிதாகும். சிறிய, துல்லியமான ப்ரீஃபிக்ஸைத்தான் ரூட்டர் தேர்ந்தெடுக்கும் என்பதால் எல்லா ஊர் டிராஃபிக்கும் அங்கே திரும்பியது. யூடியூபும் அதே /24-ஐ, அப்புறம் அதைவிடச் சிறிய /25-களை அறிவித்துத்தான் மீட்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்தச் சம்பவத்தில் வலிப்பது பிசிசிடபிள்யூவின் பங்குதான். தவறு எங்கேயும் நடக்கும், வாடிக்கையாளர் அனுப்புவதை வடிகட்டாமல் மேலே தள்ளியதால்தான் அது உலகப் பிரச்சினையானது. அதனால்தான் பிஜிபி இணைப்பு கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எவ்வளவு சின்ன நிறுவனமாக இருந்தாலும், ப்ரீஃபிக்ஸ் பட்டியலை வாங்கி, அது அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதுதானா என்று சரிபார்க்காமல் நான் செஷனை, அதாவது அந்த பிஜிபி இணைப்பை, எழுப்புவதில்லை. விற்பனைப் பிரிவு அவசரப்படுத்தும், படுத்தட்டும்.

இப்போது அறிவிப்புகளைச் சரிபார்க்க ஆர்பிகேஐ என்ற டிஜிட்டல் சான்றிதழ் முறை வந்துவிட்டது. இந்த ப்ரீஃபிக்ஸை இந்த ஏஎஸ் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்) அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்ட ரோவா என்ற பதிவை, ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகள் ஒதுக்கும் ஏப்னிக்கின் உறுப்பினர்கள் அதன் மைஏப்னிக் தளத்திலேயே உருவாக்கிவிடலாம். தயவுசெய்து செய்யுங்கள். அதில் அதிகபட்ச நீளத்தை, அதாவது எவ்வளவு சிறிய தொகுதி வரை அறிவிக்கலாம் என்பதை, /24 வரை தாராளமாகத் திறந்துவிடாதீர்கள், நிஜமாக அறிவிக்கிற அளவே போதும். ஆனால் ரோவா சரிபார்ப்பது அறிவிப்பு கிளம்பிய இடத்தை மட்டுமே. ஒரு வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய முழு டேபிளையும் (உலகின் எல்லா ரூட்களின் பட்டியல்) தவறுதலாக நம் பக்கம் தள்ளினால், கிளம்பிய ஏஎஸ் எண் சரியாகவே இருக்கும், ரோவா தடுக்காது. ஆகவே ஃபில்டரோடு, ஒரு செஷனில் இத்தனை ப்ரீஃபிக்ஸ்தான் ஏற்போம் என்கிற மேக்ஸிமம் ப்ரீஃபிக்ஸ் வரம்பையும் போட்டு வையுங்கள். வரம்பு தாண்டினால் செஷன் தானாக அறுந்துவிடும், இரவு 2 மணிக்கு போன் வரும், கோபப்படுவார்கள். காரணத்தைச் சொல்லி, அவர்கள் பக்கம் சரியான பிறகே திரும்ப எழுப்புங்கள்.