வசனம் கேட்காத ஹோம் தியேட்டரும் ரெண்டு மாத அலைச்சலும்

22,000 ரூபாய் கொடுத்து ஹோம் தியேட்டர் வாங்கி, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டி, முதல் படம் போட்ட பத்தாவது நிமிஷமே நைனா கேட்டார்: "இன்னாடா சொன்னான் அவன்?" ஏழெட்டு முறை கேட்டவர், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காது கொஞ்சம் மந்தமானவருக்கு வசனம் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் இந்தச் செலவே.

தப்பு கடையிலேயே ஆரம்பித்தது. வேலூரில் நான் போன கடையில் டெமோவுக்குத் தனி அறை, தரையில் கார்ப்பெட், ஜன்னலே கிடையாது. குண்டு வெடிக்கிற காட்சி ஒன்றைப் போட்டார்கள், நெஞ்சு அதிர்ந்தது, பில் போடச் சொல்லிவிட்டேன். ரெண்டு பேர் மெதுவாகப் பேசுகிற காட்சியைப் போடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஆயிரக்கணக்கான வாட்ஸ் எல்லாம் பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச பவர். அதை நம்பி ஒன்றும் வாங்கக்கூடாது, பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ்; அது உள்ளே இருந்த கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மறுநாள் தூக்கிக்கொண்டு போனால், "பிரிச்ச பெட்டிக்கு ரிட்டர்ன் இல்ல சார்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார் கவுன்ட்டரில் இருந்தவர். பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது.

5.1 செட்டில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கு ஒரு சப்வூஃபரும் உள்ள செட்டில், வசனம் பெரும்பாலும் டிவிக்குக் கீழே வைக்கிற சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். என் செட்டில் அது உள்ளங்கை அகலம்தான். எங்கள் ஹாலோ 15க்கு 12 அடி, டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் எதிரொலிக்கும். அதனால் இந்த முறை ரிசீவர் (சத்தத்தைப் பிரித்து, பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) தனியாக, ஸ்பீக்கர் தனியாக வாங்குவது என்று முடிவு செய்தேன். ரிசீவர் ஒரே நாளில் கிடைத்தது.

ஸ்பீக்கருக்குக் காட்பாடியில் காலை ரயில் பிடித்து, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். லீவு நாளில் போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனதில் தெருவில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. ஒரு நாள் முழுக்க வீண். தயவுசெய்து வார நாளில் போங்கள்.

அடுத்த முறை லீவு போட்டுவிட்டுப் போனேன். முன் ஸ்பீக்கர் ரெண்டும் பிடித்தது. ரிசீவருக்கு ஒத்துப்போகும் 8 ஓம் மின்தடை, சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு) 90 டெசிபல். (87 டெசிபல் ஸ்பீக்கரில் அதே சத்தம் வர ரெண்டு மடங்கு பவர் வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.) ஆனால் அதே சீரிஸில் சென்டர் ஸ்டாக் இல்லையாம். "எந்த சென்டர் போட்டாலும் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் வேறு கம்பெனியுடையதைக் கொடுத்தார். மனசு ஒப்பாததால், 7 நாளில் மாற்றித் தரப்படும் என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். அது என்னைக் காப்பாற்றியது. வீட்டில் போட்டுப் பார்த்தால், ஒரு ஆள் பேசிக்கொண்டே திரையின் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்ததும் குரலே மாறுகிறது, வேறு யாரோ பேசுவதுபோல. மூன்றாவது பயணம். முனகிக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தார், ஆனாலும் அதே சீரிஸ் சென்டர் கைக்கு வந்துவிட்டது.

அப்புறமும் ஒரு சிக்கல். பாட்டுப் போட்டால் பேஸ் காணோம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வயர்களை ரிசீவரிலிருந்து கழற்றி, சுவர்க் கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, பாசிட்டிவ் முனையை ரிசீவரின் சிவப்பில் இருந்த வயரிலும் நெகட்டிவை மற்றதிலும் ஒரு நொடி தொட்டார். வலது ஸ்பீக்கரின் கோன் (அதிர்ந்து சத்தம் தரும் கூம்பு) வெளியே தள்ளியது. இடதில் உள்ளே போனது. "பாத்தியா தம்பி, மாத்திக் குடுத்துகிற" என்றார். சிவப்பும் கறுப்பும் ஒரு முனையில் மாறியிருந்தது, அவ்வளவுதான்; ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்ததில் பேஸ் அடிபட்டுப் போயிருந்தது. அதைச் சரிசெய்ததும் பேஸ் திரும்பி வந்தது.

மிச்சமெல்லாம் சின்ன வேலை: ஜன்னலுக்குக் கனமான திரை, தரைக்கு ஒரு ஜமக்காளம், செட்டிங்கில் கிராஸ்ஓவர் (இதற்குக் கீழான பேஸைச் சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். சென்டரை ஷெல்ஃப் விளிம்புவரை இழுத்து, முன்பக்கம் ரப்பர் துண்டு வைத்து, நைனா உட்காரும் நாற்காலியின் உயரத்துக்குச் சாய்த்தேன். கையில் காசு இருந்தால் முதலில் சென்டருக்குப் போடுங்கள், சப்வூஃபர் பிறகு வரட்டும். டெமோவுக்கு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள், நான் அதைச் செய்யவில்லை.

நேற்று ராத்திரி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரே தடத்தில் வருகிற மோனோ ஒலிதான், ஆனால் ரிசீவரை டால்பி சரவுண்ட் மோடில் வைத்தால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற சத்தம் சென்டருக்கு வந்துவிடுகிறது. கால் மணி நேரம் போனதும் நைனா என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் கொறைடா, எதுக்கு இவ்ளோ சத்தம்?"