தொட்டிக்கு மேலே எது போகலாம்?

அணுமின் நிலையத்தில் வேலை என்றால் எல்லோரும் உலையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் இருந்தது அதற்குப் பக்கத்தில், பயன்படுத்திய எரிபொருளைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் தொட்டியில். இந்த மாதிரித் தொட்டி சுமார் 12 மீட்டர் ஆழம் இருக்கும். அடியில் ரேக்குகள், அவற்றில் 4 மீட்டர் நீள எரிபொருள் கட்டுகள் செங்குத்தாக நிற்கும். அவற்றுக்கு மேலே ஏழெட்டு மீட்டர் தண்ணீர்.

"இவ்வளவு தண்ணி இருக்கே சார், மேலேருந்து ஏதாவது விழுந்தாலும் மெதுவாத்தானே போகும்?" புதிதாக வரும் பையன்கள் தவறாமல் கேட்பது இது. ஸ்பேனருக்குச் சரி. கொஞ்ச தூரத்திலேயே அதன் வேகம் அடங்கிவிடும். ஆனால் எரிபொருளை ஏற்றிப்போகும் காஸ்க் என்ற கனத்த கலம் 100 டன் வரை வரும். 12 மீட்டர் தண்ணீர் அதற்கு ஒரு தடையே இல்லை. ரேக் நசுங்குவது இருக்கட்டும், தொட்டியின் தளம் பிளந்தால் தண்ணீரே போய்விடும்.

அதனால் காஸ்க்குக்கு ஓரத்தில் தனிக் குழி, நடுவில் கதவு. கிரேனில் இரட்டைக் கயிறு, இரட்டை பிரேக். எல்லை தாண்டப் பார்த்தால் இன்டர்லாக் என்ற தானியங்கித் தடுப்பு கிரேனை நிறுத்திவிடும். சில இடங்களில் குழியின் அடியில் நசுங்கிக்கொடுக்கும் மெத்தையும் உண்டு. என்னைக் கேட்டால், மெத்தை கடைசிப் பட்சம்தான். சுமை போகும் பாதையை ஒழுங்காகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அன்றாடம் உயிரை வாங்குவது சின்னச் சாமான்கள். பேனா, மோதிரம், சில்லறை எல்லாம் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, ஒவ்வொரு கருவிக்கும் கயிறு, பதிவேட்டில் ஒரு வரி. நிறமில்லாத பிளாஸ்டிக் உள்ளேயே வரக்கூடாது. விழுந்தால் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை நறுக்கிய கேபிள் டையின் வால் ஒன்று உள்ளே போய்விட்டது. வேலையை நிறுத்தி, கேமராவை இறக்கி, நீளக் கம்பியால் துழாவி எடுப்பதற்குள் ஷிஃப்டே முடிந்தது. வெளியாள் பார்த்தால் சிரிப்பார். ஆனால் மறுபடி உலைக்குப் போக வேண்டிய கட்டுகளும் அங்கேதான் நிற்கின்றன. அவற்றில் ஒரு கம்பித் துண்டு சிக்கினால், உலையில் ஓடும் நீரில் அதிர்ந்து அதிர்ந்து எரிபொருளை மூடியிருக்கும் உலோக உறையைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். உறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

சுமையின் பாதையைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லாமல் போனது ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்து மூன்றாம் உலையில். 2011 வெடிப்பில் கூரை இடிபாடுகளோடு, எரிபொருளைக் கையாளும் சுமார் 20 டன் இயந்திரமும் தொட்டிக்குள் சரிந்து கிடந்தது. அடியில் 566 கட்டுகள். 2014 ஆகஸ்டில் இடிபாடுகளை அகற்றும்போது அந்த இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டு மேசை, சுமார் 400 கிலோ, நழுவி மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. அப்புறம் தண்ணீருக்கடியில் ரேக்குகளின் மேல் அதிர்ச்சி தாங்கும் பலகைகளைப் பரப்பினார்கள். 2015 ஆகஸ்டில் இரண்டு கிரேன்கள் சேர்ந்து அந்த இயந்திரத்தைத் தூக்கின. கட்டுகளை முழுக்க வெளியே எடுத்து முடித்தது 2021 பிப்ரவரியில்.