கிணற்றுமேட்டில் சொன்ன கணக்கு

1985இல் கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்தேன். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையோரம் நான்கு ஊர்கள் என் பொறுப்பு. கையில் பிள்ளை பெறும் வயதுத் தம்பதியரின் பதிவேடு, பையில் நிரோத் ஆணுறைப் பாக்கெட்டுகள், தலைக்குள் எந்நேரமும் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு. ‘கேஸ் பிடிப்பது’ என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இப்போது எழுதும்போது அந்தச் சொல் கூசுகிறது. ஆண்கள் நழுவிவிடுவார்கள், கருத்தடை ஆபரேஷனுக்கு வந்தவர்கள் அநேகமாகப் பெண்களே. 1996இல் அரசு அந்த இலக்குகளை எடுத்தபோது, யாரிடமும் சொல்லாமல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

மஞ்சள் போட்டிருந்த தோட்டத்தில் ஓர் அக்கா. மூன்று பிள்ளைகள். “போதும் அக்கா. இன்னும் பெருகினால் நிலமும் துண்டாகும், தண்ணீரும் பற்றாது” என்று கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அரைநாள் பேசினேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, மாமியாரிடம் நீயே சொல் என்றார். சொன்னேன். வசவும் வாங்கினேன்.

சுகாதாரத் துறையில் எல்லாரும் போட்ட கணக்குதான் அது: ஆள் குறைந்தால் தண்ணீர் மிஞ்சும். பிறப்பு குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். மக்கள்தொகை அப்படியே நிற்பதற்கே 2.1 வேண்டும். அந்த அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றே ஒன்று.

தண்ணீர்தான் மிஞ்சவில்லை. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. மேலே திருப்பூரில் பனியன் தொழில் கொழித்தது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்ட வேண்டும். துணி கப்பலேறிவிடும்; உப்பு இங்கேயே தங்கிவிடும். அணையில் சாயக்கழிவு தேங்கியது. இந்தத் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடினார்கள். அணை கட்டிய ஊரில் இப்படி ஒரு கோரிக்கையை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் எங்கள் கிணறுகளில் உப்புக்கரிக்கும் சப்பைத் தண்ணீர் ஊறியிருந்தது. தென்னைகூடக் குரும்பை உதிர்த்தது. எங்கோ இரண்டு பிள்ளை பெற்ற வீட்டில் அலமாரி நிறைய டி-ஷர்ட் அடுக்கியிருப்பார்கள். அவர்களுடைய பெயர் என் பதிவேட்டில் வராது.

“வடக்கிலிருந்து வந்தவர்கள்தான் தண்ணீரைத் தீர்க்கிறார்கள்” என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். எதிர்ப்புறம் லைன் வீடுகள். ஓர் அறையில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பக்கெட். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், குளியலறை மூன்று, ஒரு வாஷிங் மெஷின், வாரம் ஒரு முறை வாசலில் கார் குளிக்கும். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

போன மாதம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டு, அதில் மிளகாய் காயவைத்திருந்தார். மஞ்சள் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பழையதை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. டம்ளரை நீட்டினார். நான் வாங்கத் தயங்கியதாக நினைத்திருக்க வேண்டும்.

“கேன் தண்ணீரில் போட்ட காபிதான் நர்சம்மா, குடியுங்கள்” என்றார்.