சுவரில் கை வைக்கும் முன்

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டு, சிங்க்கை ஜன்னலோரம் மாற்ற வேண்டும் என்று நானும் கணவரும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். கான்ட்ராக்டர் வந்து பார்த்தார், பத்து நாள் வேலை என்றார். அனுமதி எதுவும் வாங்கணுமா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள நடக்கிற வேலைதானே மேடம், அதெல்லாம் தேவைப்படாது" என்றார். அட்வான்ஸ் கொடுத்தால் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாமாம். கணவருக்கும் அதுதான் விருப்பம். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னது நான்தான்.

முதலில் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "வீட்டை ரெனவேஷன் செய்யப்போறோம், பர்மிட் வேணுமா?" என்றதும், "என்ன வேலைங்கிறதைப் பொறுத்தது" என்று பதில் வந்தது. இப்படிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். மறுநாள் ஒரு தாளில் வீட்டின் அமைப்பைக் கையால் வரைந்து, எடுக்கப்போகும் சுவரைச் சிவப்பு மையில் காட்டி, செய்யப்போகும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு நேரிலேயே போனேன். அங்கிருந்த அலுவலர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பெயின்ட், டைல்ஸ், அலமாரி மாற்றுவதற்கு அனுமதி வேண்டாம். குழாயை அதே இடத்தில் புதிதாக மாற்றினாலும் வேண்டாம். சிங்க் இடம் மாறினால் கழிவுநீர்க் குழாயின் பாதை மாறும், அதற்கு வேண்டும். அடுப்புக்குப் புதிய மின்இணைப்பு இழுப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். சுவரின் மேல் பேனாவை வைத்து, "இது பாரம் தாங்குற சுவரான்னு இன்ஜினியர் எழுதிக் கொடுக்கணும்" என்றார். இதே வேலைக்கு வேறு ஊரில் வேறு விதி இருக்கலாம் என்பதால், பக்கத்து ஊரில் வீட்டை மாற்றிக் கட்டியவரின் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது எங்கள் வீட்டின் அப்ரூவ்டு பிளான், அதாவது கட்ட அனுமதி கொடுத்த வரைபடத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டு விண்ணப்பித்தேன். அந்த நகல் கைக்கு வந்த நாளை மறக்க முடியாது. நாங்கள் வாங்கும்போதே பின்பக்கம் இருந்த சாமான் அறை வரைபடத்தில் இல்லை! அந்த இடம் செட்பேக், அதாவது எல்லையிலிருந்து காலியாக விட வேண்டிய பகுதி. முன்பு இருந்தவர்கள் அனுமதி வாங்காமல் கட்டியிருக்கிறார்கள். அதைக் கட்டியது நாங்கள் இல்லையே என்றேன். வீடு இன்று யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். இதைச் சரிசெய்யாமல் புதிய அனுமதியும் கிடையாது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. வீடு வாங்கும்போது பத்திரத்தை அத்தனை முறை படித்த நாங்கள், பிளானை நேரில் இருக்கும் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வீடு வாங்கப்போகிற எல்லோரிடமும் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். கடைசியில் அந்த அறையை இடித்தோம். மனது கேட்கவில்லைதான், ஆனால் அது எல்லைச் சுவரை ஒட்டி நின்றதால் முறைப்படுத்த வழியே இல்லை.

பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்தார். சுவரின் தடிமனைப் பார்த்ததும் சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ மாடிக்குப் போய் மேலே சுவர் எங்கே வருகிறது என்று பார்த்தார், கூரை ஸ்லாப் எந்தத் திசையில் தாங்கி நிற்கிறது என்று அளந்தார். எங்கள் ஸ்லாப் ஹாலிலிருந்து சமையலறை வரை ஒரே தொடர்ச்சி, நடுவில் அதைத் தாங்குவது இந்தச் சுவர்தான். அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. நடுச்சுவருக்கு மேலே ஸ்லாபின் மேற்பக்கம்தான் இழுபடும், அதனால் அங்கே கம்பியை மேற்பக்கமாகப் போட்டிருப்பார்கள். சுவரை எடுத்துவிட்டால் அதே இடத்தில் அடிப்பக்கம் இழுபடத் தொடங்கும், அதைத் தாங்க அங்கே போதிய கம்பி இருக்காது. தாங்கும் தூரம் 2 மடங்கானால் ஸ்லாபை வளைக்கும் விசை ஏறக்குறைய 4 மடங்காகும் என்றும் சொன்னார். திங்கட்கிழமை ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, கணவரும் கேட்கவில்லை. இரும்பு பீம் ஒன்றைக் குறுக்கே கொடுத்து, இரு முனையிலும் அதற்குத் தாங்கு அமைத்து, அது உட்காரும்வரை ஸ்லாபுக்கு முட்டு கொடுக்கச் சொல்லி வரைபடம் தந்தார்.

அதோடு விண்ணப்பம் போட்டோம். ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், கழிவுநீர்ப் பாதையைப் படத்தில் காட்டவில்லை என்று. திருத்திக் கொடுத்ததும் அனுமதி வந்தது. அதற்குப் பிறகுதான் கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஆய்வு முடியாமல் எதையும் பூசி மூடக்கூடாது. அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் வந்த அன்று பீம், குழாய், வயர் எல்லாம் திறந்தே இருந்தன. பீம் சரி என்றார். குழாயின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, சரிவு போதாது, தண்ணீர் தேங்கும் என்றார். பிளம்பர் அரை நாளில் பிரித்துச் சரிசெய்துவிட்டார். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் அத்தனையையும் உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

பத்து நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தது. அதில் பெரும்பகுதி அந்தச் சாமான் அறைக்கே போனது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் குழாயும் வயரும் போகும் பாதையைப் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களும், இன்ஜினியரின் வரைபடமும், வேலை முடிந்ததற்கான சான்றும், நகல் எடுத்த பழைய பிளானும் இப்போது வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கின்றன.